பயோடேட்டாவில் பொழுதுபோக்கு: எழுதுவதா, விடுவதா?

மேற்குச் சென்னையின் சென்னீர்குப்பத்தில் அடிக்கும் ஒரு பயோடேட்டா எத்தனை திசைக்குப் போகும் என்று பாருங்கள். ஆவடி சாலையில் வடக்கே போனால் கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதன் லேத் பட்டறைகள், அவற்றுக்கு நடுவே முளைத்த ஐ.டி. வளாகங்கள். மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரை ஷிப்ட் பஸ்கள் ஓடுகின்றன. கிழக்கே போரூரைத் தாண்டினால் ராமாபுரம், மணப்பாக்கம். இவ்வளவு வாசல்களுக்கும் பெரும்பாலோர் அனுப்புவது ஒரே தாள். அந்தத் தாளின் அடியில், ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’ என்று தொடங்கும் உறுதிமொழிக்குச் சற்று மேலே, அநேகமாக எல்லாரிடமும் இந்த வரி இருக்கும்:

ஹாபிஸ்: லிசனிங் டு மியூசிக், பிளேயிங் கிரிக்கெட், ரீடிங் புக்ஸ்.

இது எங்கிருந்து வருகிறது என்பது ரகசியமில்லை. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ‘பயோடேட்டா நியூ’, ‘பயோடேட்டா பைனல்’, ‘பயோடேட்டா பைனல் 2’ என்று பைல்கள் வரிசையாகக் கிடக்கும். போன வாரம் வந்தவருடைய பைலைத் திறந்து, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மார்க், செல் நம்பர் ஆகியவற்றை மட்டும் மாற்றுவார்கள். கடைசி வரிக்கு வரும்போது, “ஹாபி இதே இருக்கட்டுமா தம்பி?” என்று ஒரு கேள்வி. “இருக்கட்டும்ணே, எல்லாரும் அதானே போடுறாங்க.” பிரின்ட் வந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட பாட்டும் படித்த புத்தகமும் உங்கள் பெயரில் ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

இந்த அத்தியாயத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்கு வரி கட்டாயமில்லை. அதைப் பற்றி நீங்கள் இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேச முடியும், நீங்கள் அதைச் செய்ததற்கு ஏதாவது ஒரு தடயம் இருக்கிறது என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். எடுத்ததற்காக யாரும் உங்களை நிராகரிக்கப் போவதில்லை.

முடிவு எளிது. ஆனால் எந்த வாசலுக்கு எதை எழுதுவது, எதை எழுதினால் வம்பு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தாள் யார் கைக்குப் போகிறது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது பேர் வேலை செய்யும் பட்டறை என்றால் உங்கள் தாளை முதலாளியே படிப்பார். இல்லாவிட்டால் சூப்பர்வைசர் படிப்பார். அவர் தேடுவது நான்கைந்து விஷயம். வீடு எங்கே, வண்டி இருக்கிறதா, நைட் ஷிப்ட் வருவாரா, என்ன மெஷின் ஓட்டியிருக்கிறார், வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பார்க்கத் தெரியுமா. சி.என்.சி. என்று எழுதியிருந்தால் ‘பானுக் கன்ட்ரோலா, சீமென்ஸா’ என்பது அடுத்த கேள்வி. இந்த வாசலில் பொழுதுபோக்குக்கு வேலையே இல்லை. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் அந்த இடத்தில் தெரிந்த மெஷின், கன்ட்ரோல், அளவுக் கருவி ஆகியவற்றின் பெயர்களை எழுதினால் அதற்குப் பயன் உண்டு. காண்ட்ராக்டர் மூலமாகவோ கன்சல்டன்சி மூலமாகவோ போகும் தாளுக்கும் இதுவே விதி.

பெரிய கம்பெனிகளுக்கு ஆன்லைனில் அனுப்பும் ரெஸ்யூமை முதலில் சாப்ட்வேர் சல்லடை போடுவது இப்போது சாதாரணம். வேலை விளம்பரத்தில் உள்ள சொற்கள் உங்கள் தாளில் உண்டா என்று அது பார்க்கும். எந்த விளம்பரத்திலும் ‘பாட்டு கேட்பவர் தேவை’ என்று இருக்காது.

ஃப்ரெஷர்களின் கதை வேறு. ஒரே கல்லூரி, ஒரே துறை, அறுபது பேர். மார்க்கில் பெரிய வித்தியாசமில்லை. ப்ராஜெக்ட்டும் பாதிப் பேருக்கு ‘முகம் பார்த்து அட்டென்டன்ஸ் போடும் சிஸ்டம்’தான். வேலை அனுபவம் என்ற பகுதி யாருக்கும் கிடையாது. நேர்காணல் நடத்துபவருக்கு உங்களை மற்ற ஐம்பத்தொன்பது பேரிடமிருந்து பிரித்துக் காட்டக்கூடியது அந்தக் கடைசி வரிதான் என்றால், அதைப் போய் ஜெராக்ஸ் கடை பைலிலிருந்து எடுப்பது எவ்வளவு பெரிய வீண்!

ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். எடுத்துவிடுங்கள். உங்கள் வேலையே உங்களைப் பற்றிச் சொல்லும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும். ஜப்பானில் வழக்கத்தில் உள்ள ‘ரிரெகிஷோ’ படிவங்கள் பலவற்றில் பொழுதுபோக்குக்கும் தனித்திறமைக்கும் என்றே ஒரு கட்டம் உண்டு. ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் இருப்பதால் அந்த நாட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து பேசும் வாய்ப்பு நம் பகுதிப் பிள்ளைகளுக்கு வரலாம். அவர் உங்கள் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டால் நேரம் கடத்துவதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுதினால் கேள்வி வரும்

எழுதிய வரியைப் பார்த்துக் கேள்வி கேட்பது நேர்காணல் செய்பவருக்கு மிகச் சுலபம். நீங்கள் பதற்றமாக இருப்பதைப் பார்த்து, கொஞ்சம் இயல்பாகட்டும் என்று நல்ல மனதோடுதான் கேட்பார்.

“புத்தகம் படிப்பேன்னு போட்டிருக்கீங்களே தம்பி, கடைசியா என்ன படிச்சீங்க?”

“பொன்னியின் செல்வன், சார்.”

“புத்தகமா, படமா?”

பல பேர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கல்கியின் நாவல் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, ஐந்து பாகம். மணிரத்னம் அதை 2022-லும் 2023-லும் இரண்டு படமாக எடுத்தார். கதையில் பல இடங்களை மாற்றியிருக்கிறார். நாவலைப் படித்தவருக்கு எங்கே மாற்றம் என்று இரண்டு கேள்வியில் சொல்ல முடியும். படம் மட்டும் பார்த்தவருக்கு முடியாது. தோற்றது இலக்கிய அறிவு என்றால் பரவாயில்லை. ‘இந்தத் தாளில் வேறென்னவெல்லாம் பொய்யோ’ என்ற சந்தேகம் வந்துவிடுகிறதே, அதுதான் ஆபத்து. அடுத்த கேள்வி உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றி இருக்கும். அதை உண்மையாகவே நீங்கள் செய்திருந்தாலும் அவர் நம்பப் பாதி மனதோடுதான் உட்கார்ந்திருப்பார்.

செஸ் இப்போது அதே நிலையில் இருக்கிறது. பிரக்ஞானந்தா பாடிப் பிள்ளை. குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கத்தில் உள்ள வேலம்மாள் பள்ளி. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். மேற்குச் சென்னையில் செஸ் தெரியாத வீடு இல்லை என்ற நிலைமை வந்துவிட்டது. ஆகவே எதிரே உட்கார்ந்திருப்பவரும் ஆடுபவராக இருக்க வாய்ப்பு அதிகம். ‘ரேட்டிங் என்ன?’ என்பார். 2024 மார்ச் முதல் உலக செஸ் கூட்டமைப்பான பிடேயின் ரேட்டிங்கில் அடிமட்டமே 1400. நீங்கள் ‘1150’ என்றால் அது செல்போன் ஆப் கொடுத்த எண் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். ‘ஆன்லைனில்தான் ஆடுகிறேன் சார், அதில் 1150’ என்று நீங்களாகவே சொல்லியிருந்தால் ஒரு குறையும் இல்லை. தினமும் ஆடுகிறீர்கள், தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்றால் அது நல்ல பதில்தான். பொழுதுபோக்கில் சாம்பியனாக இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நீங்கள் சொல்லாமலேயே அந்த வரி சொல்வது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். 14 நகரங்களில் 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்குக் கற்பனை மாணவர்களின் ரெஸ்யூம்களை அனுப்பினார்கள். படிப்பு, மதிப்பெண், அனுபவம் எல்லாம் ஒன்றுதான். மாற்றியது குடும்பப் பெயர், பெற்ற உதவித்தொகை, பொழுதுபோக்கு போன்ற சில வரிகளை மட்டும். ஒரு வகைத் தாளில் பாய்மரப் படகு, போலோ, மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம். இன்னொரு வகையில் ஓட்டப்பந்தயம், கால்பந்து, நாட்டுப்புறப் பாணி கன்ட்ரி மியூசிக். படகு விடும் ஆண்களில் நூற்றுக்கு 16 பேருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. கால்பந்து ஆடும் ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வந்தது. அந்த வரிகள் சொன்னது ஒன்றே ஒன்று: இவர் எந்த வீட்டுப் பிள்ளை.

நம் ஊரில் இதன் கதை இன்னும் சிக்கலானது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-ல் வெளியிட்ட இந்திய ஆய்வில், பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும், உயர்சாதி இந்துப் பெயரைவிட அழைப்பு குறைவாகவே வந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது, இனிஷியல்தான். நல்ல விஷயம். ஆனால் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று குடைபவர், பெயரில் கிடைக்காததை மற்ற வரிகளில் தேடுவார். சொந்த ஊர், படித்த பள்ளி, தெருப் பெயர், அப்புறம் பொழுதுபோக்கு. கர்நாடக சங்கீதம் என்றால் ஒரு கணக்குப் போடுவார். கானா என்றால் இன்னொரு கணக்கு. பறை என்றால் மூன்றாவது.

அதனால் பறை அடிப்பவர் அதை மறைக்க வேண்டுமா? மறைக்கச் சொல்லி இந்த நூல் எழுதாது. மேடையேறி வாசித்திருக்கிறீர்கள், குழு நடத்தியிருக்கிறீர்கள் என்றால் அது பெருமையாக எழுதவேண்டிய விஷயம். பத்துப் பேரை ஒத்திகைக்கு நேரத்தில் வரவழைப்பது லேசான காரியமா? அதைப் பார்த்து முகம் சுளிக்கும் இடத்தில் நாளைக்கு நீங்கள்தான் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த வரி என்ன சொல்லும் என்று தெரிந்து எழுதுங்கள். தெரியாமல் எழுதிவிட்டு, ஏன் அழைப்பு வரவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். வேலை அவசரத் தேவை, வீட்டில் கடன் நெருக்குகிறது என்றால் அந்த வரியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்ச் சேருவதிலும் அவமானம் ஒன்றுமில்லை. முடிவு உங்களுடையது.

மதம், கட்சி ஆகியவற்றுக்கும் இதே யோசனைதான். கோயில் திருவிழாக் குழு, சர்ச் இளைஞரணி, மசூதி நோன்புக் கஞ்சி ஏற்பாடு எல்லாமே நல்ல உழைப்பு. ஆனால் எழுதும்போது செய்த வேலையை முன்னால் வையுங்கள். ‘ஐந்நூறு பேருக்கு அன்னதானம், வரவுசெலவுக் கணக்கு என் பொறுப்பு’ என்பதில் நிர்வாகம் தெரிகிறது. கட்சிப் பொறுப்பைத் தனியார் வேலைக்கான தாளில் எழுதவே வேண்டாம்.

ரசிகர் மன்றச் செயலாளர்

நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வி இது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் முழுக்க ஏதாவது ஒரு நடிகரின் மன்றத்தில் பொறுப்பில் இருக்கும் இளைஞர்கள் உண்டு. அவர்களில் பலர் அதைப் பயோடேட்டாவில் எழுத வெட்கப்படுவார்கள். சிலர் நடிகர் பெயரோடு கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். இரண்டுமே தவறு.

முதல் நாள் முதல் காட்சிக்குப் பேனர் கட்டுவதைப் பற்றி நான் பேசவில்லை. அதே மன்றம் நடிகர் பிறந்தநாளுக்கு ரத்த தான முகாம் நடத்தியிருக்கும். அதற்கு என்னென்ன செய்யவேண்டும்? ரத்த வங்கியிடம் தேதி வாங்க வேண்டும், இடத்துக்கு அனுமதி கேட்க வேண்டும், கொடுப்பவர்கள் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஆண்கள் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்கள் 120 நாள் ஆகியிருக்கவேண்டும் என்ற விதியை ஒவ்வொருவருக்கும் சரிபார்க்க வேண்டும். ஜூஸ், பிஸ்கட் வாங்கிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இவ்வளவையும் செய்த பையனிடம் மனிதவளத் துறையினர் ஆங்கிலத்தில் நீட்டி முழக்கிக் கேட்கும் திறமைகள் பாதி இருக்கின்றன. எழுதவேண்டிய வரி இதுதான்: ‘ரத்த தான முகாம் ஒருங்கிணைப்பு, வருடம் ஒருமுறை, கொடையாளர் பதிவு என் பொறுப்பு.’ நடிகர் பெயர் வேண்டாம். எதிரே இருப்பவர் எதிர் நடிகரின் ரசிகராக இருந்து தொலைத்தால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தண்ணீர் நின்ற நாட்களில் பால் பாக்கெட்டும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அப்படித்தான். அதைச் சமூக சேவை என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், எந்த ஏரியா, எந்த மாதம், என்ன வேலை என்று எழுதுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதே படகு, அதே போலோ, அதே சங்கீதம் எழுதிய பெண்களுக்கு வந்த அழைப்பு நூற்றுக்கு நான்குகூட இல்லை. வசதியான வீட்டுப் பெண், குடும்பம் குழந்தை என்று ஆனதும் வேலையை விட்டுவிடுவார் என்று எடைபோட்டிருக்கிறார்கள். ஆக, ஒரே வரியை ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு வேறு விதமாகவும் படிக்கிறார்கள்.

நம் ஊரில் ‘குக்கிங், கோலம், மெஹந்தி’ என்று எழுதிய பெண்ணிடம் பேச்சு கல்யாணத்தின் பக்கம் திரும்பிவிடுவது எளிது. ஹோட்டல், பேக்கரி, கேட்டரிங் வேலைக்குப் போகாத வரைக்கும் சமையலை எழுதவேண்டாம் என்பது என் கருத்து. ஆண்களுக்கும் அதையேதான் சொல்வேன், ஆனால் அவர்களிடம் கல்யாணக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஆரி ஒர்க் வேறு. கல்லூரியில் படித்துக்கொண்டே வீட்டில் ஸ்டாண்டு போட்டு, கல்யாண பிளவுஸுக்கு ஆர்டர் எடுத்துத் தைக்கும் பெண்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். டிசைன் பேசி, முன்பணம் வாங்கி, ஜரிகையும் மணியும் பாரிமுனையில் மொத்தமாக வாங்கி, முகூர்த்தத்துக்கு முன்னால் கொடுத்தே ஆகவேண்டும் என்று ராத்திரி உட்கார்ந்து முடித்துக் கொடுப்பதைப் பொழுதுபோக்கு என்று எழுதினால் உங்களை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். அதை அனுபவம் என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். ‘சுயதொழில்: ஆரி எம்ப்ராய்டரி, 2023 முதல், வாடிக்கையாளர் தொடர்பும் கணக்கும்’ என்று ஒரு வரி. கணக்குப் பிரிவு வேலைக்கும், சேல்ஸ் வேலைக்கும் இந்த வரி உதவும்.

முதலாளியின் பயம்: லீவு

பொழுதுபோக்கைப் படிக்கும் முதலாளி மனதில் ஓடும் முதல் கணக்கு, ‘இதனால் எத்தனை நாள் லீவு போடுவான்?’ கல்யாண போட்டோகிராபி என்று எழுதினால், தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளெல்லாம் உங்கள் நாற்காலி காலி என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பைக்கில் ஊர் சுற்றுவது என்றால் நீண்ட வார இறுதிகள். டென்னிஸ் பால் டோர்னமென்ட் என்றால் ஞாயிறு ஷிப்ட் கோவிந்தா. பிராண்டு சேல்ஸ், பீல்டு சர்வீஸ் மாதிரி அலையும் வேலைக்கு மட்டும் ‘டிராவலிங்’ என்ற சொல் கொஞ்சம் எடுபடும். அங்கேயும் எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள்.

பணம் வரும் பொழுதுபோக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. 2022 செப்டம்பரில், வேலையில் இருந்துகொண்டே போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கினோம் என்று விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னார். அதற்கும் யூடியூப் சேனலுக்கும் நேரடிச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் இரண்டாவது வருமானம் என்றால் ஐ.டி. கம்பெனிகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். சேனல் லிங்க்கைப் போடும் முன், அதில் உள்ள எல்லா வீடியோவையும் ஒரு மேனேஜர் கண்ணோடு உட்கார்ந்து பாருங்கள். பழைய கம்பெனியைக் கிண்டலடித்த ரீல்ஸ் அங்கேயே கிடந்தால் லிங்க் வேண்டாம்.

கேட்டே தீரும் இடங்கள்

சில வாசல்களில் எழுதலாமா விடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. படிவத்திலேயே கட்டம் இருக்கும்.

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் முதன்மைத் தேர்வுக்காரர்கள் நிரப்பும் விரிவான விண்ணப்பத்தில் பொழுதுபோக்குக்கும் ஆர்வங்களுக்கும் இடமுண்டு. ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண். அங்கே குழுவினர் கேள்வி எடுப்பதே அந்த விண்ணப்பத்திலிருந்துதான். ராணுவ அதிகாரித் தேர்வான எஸ்.எஸ்.பி.யிலும் முதலில் ஒரு தன்விவரப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதில் விளையாட்டும் பொழுதுபோக்கும் உண்டு. ஐந்து நாள் உங்களைக் கூடவே இருந்து பார்ப்பவர்களிடம் ‘டிரெக்கிங் போவேன்’ என்று எழுதிவிட்டு முதல் தடைக் கயிற்றிலேயே மூச்சு வாங்கினால் படிவம் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆவடிப் பக்கம் படை முகாம்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இந்த ஆசை உண்டு என்பதால் சொல்கிறேன்: என்.சி.சி. என்பது பொழுதுபோக்கு வரியில் எழுதும் விஷயமே இல்லை. ‘சி’ சான்றிதழை உரிய கிரேடில் வைத்திருக்கும் பட்டதாரிகள் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி.க்குப் போகத் தனி நுழைவு இருக்கிறது. அதைத் தகுதியாக, தனித் தலைப்பில், மேலே எழுதுங்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் விளையாட்டேதான் தகுதி. ரயில்வேயில் விளையாட்டுக்கு மட்டுமின்றி கலைக்கும் சாரணர் இயக்கத்துக்கும் தனி ஒதுக்கீட்டு நியமனங்கள் உண்டு. தோனி கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராகச் சேர்ந்தது கிரிக்கெட்டால்தான். அங்கே தெருவில் ஆடியது செல்லாது. மாநில அணி, பல்கலைக்கழக அணி என்று எதன் சார்பில் எந்தப் போட்டியில் ஆடினீர்கள் என்ற சான்றிதழ் கேட்பார்கள். கபடியோ வாலிபாலோ ஆடும் பிள்ளைகள் சான்றிதழ்களை லேமினேஷன் போட்டு வீட்டில் மாட்டாமல், ஸ்கேன் செய்து மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு நேர்காணலே கிடையாது. பெரும்பாலான பதவிகளுக்கு எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான்.

எழுதும் விதம்

இடம் கடைசியில்தான். 1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்ப்பேன் என்று போர்க்காலத் திறமைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, சிலையும் செய்வேன், ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில் சேர்த்திருக்கிறார். உலகம் அவரை நினைவு வைத்திருப்பது அந்தக் கடைசி வரிக்காக. ஆனால் அன்றைக்கு அந்த ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது பீரங்கி. கேட்பவருக்கு வேண்டியதை மேலே வைக்கவேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

தலைப்பு ‘ஆர்வங்கள்’ என்று இருந்தால் போதும். ஒன்று அல்லது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். வெறும் பெயரை எழுதாமல் எவ்வளவு நாளாக, எங்கே, என்ன என்பதைச் சேருங்கள். ‘பறவை பார்த்தல்’ என்பது வெறும் சொல். ‘பறவை பார்த்தல்: செம்பரம்பாக்கம் ஏரி, 2022 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்பு, இ-பேர்டு தளத்தில் பதிவு’ என்று எழுதினால் படிப்பவர் அந்த வரியில் ஒரு விநாடி நின்றுதான் போவார். தரக் கட்டுப்பாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவராக இருந்தால், கவனித்துப் பார்த்துக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ள ஆள் என்று அவருக்குத் தோன்றும். அதை நீங்கள் விளக்கி எழுதவேண்டியதில்லை. ‘இதனால் எனக்குப் பொறுமை வளர்ந்தது’ என்றெல்லாம் வால் சேர்த்தால் வரி கெட்டுவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் வரியை மாற்றலாம். ஹோட்டலுக்குப் போகும் தாளில் சமையல், ஐ.டி.க்குப் போகும் தாளில் பழைய லேப்டாப்பைப் பிரித்து மாட்டுவது, பள்ளிக்கூட வேலைக்குப் போகும் தாளில் மாலை நேர இலவச டியூஷன். நீங்கள் உண்மையில் செய்பவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும் வரை இதில் பொய் ஏதுமில்லை.

‘எனக்கு எந்தப் பொழுதுபோக்கும் இல்லையே’ என்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். கடந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தூக்கம், ரீல்ஸ், பிரியாணி எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அப்பாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்தது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆன்லைனில் இ-சேவை விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது என்று ஏதாவது அதில் இருந்தால் அதுதான் உங்கள் வரி. இல்லையென்றால் அந்தத் தலைப்பை அழித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்பது அதில் இருக்கிறது.